தட்டாத ஆணிகள்

கையிலிருந்து நழுவிய கரண்டி சமையலறைத் தரையில் விழுந்து, ஈரத்துணி விழுந்ததுபோல ‘டொப்’ என்றது.

அவர் குனிந்து எடுத்து மறுபடி போட்டார். டொப்.

“காது போச்சு உங்களுக்கு. கரண்டி என்ன, கச்சேரியா பண்ணும்?” என்றாள் மனைவி.

காது போகாது. முப்பத்து நான்கு வருடம் ஆற்றுப் பாலங்களின் ரிவெட் ஆணிகளைச் சுத்தியலால் தட்டிச் சம்பளம் வாங்கிய காது. இறுகிய ஆணி டிங் என்னும், சாக்கட்டியால் ஒரு டிக் போடுவார். தளர்ந்தது டொப் என்னும், அதற்கு வட்டம். பூனை தும்மினால்கூட அது இறுகிய பூனையா தளர்ந்த பூனையா என்று அவர் சொல்லிவிடுவாராம். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

அன்று மாலை, வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட மூன்றாம் பாலத்தின் மேலேயே ஆற்றங்கரை வரலாற்றுப் புத்தகத்தின் வெளியீடு. புத்தகத்தில் பாதி அவர் வாய். சாயப்பட்டறைக் காலத்தில் ஆற்றின் நிறத்தைப் பார்த்தே கிழமை சொன்னது, புதன்கிழமை விழுந்த எருமை பச்சையாகக் கரையேறியது, இரும்பாலைச் சங்கு ஊதியதில் அக்கரையில் ஒருவரின் பல்செட் கழன்றது எல்லாம் அவர் அவிழ்த்துவிட்டவை. அறுபத்தோராம் பக்கமும் அவர் சொன்னதுதான்.

மூன்றரை மணிக்கு அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள் ஒட்டடைக்குச்சியின் மனைவி. பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கையில் ஆற்றில் விழுந்து செத்த அந்த நெட்டை மனிதனுக்கு அவர் வைத்த பெயர் அது.

“அண்ணே, குடிச்சிட்டுக் கயிறு கட்டாம ஏறினார்னு போட்டிருக்கு.”

“அது... விசாரணையில அப்படித்தானேம்மா எழுதினாங்க.”

“நீங்க சொன்னதைத்தானே எழுதினாங்க. அவரு ஒரு சொட்டு தொட்டதில்லண்ணே, உங்களுக்குத் தெரியாதா? பேரப்பிள்ளைங்க படிக்கும். இன்னைக்கு உங்ககிட்ட மைக் குடுப்பாங்கல்ல? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“பார்க்கலாம்மா.”

அவள் போகும்போது தலையை ஆட்டினாள். நம்பிக்கையோடு ஆட்டினாள்.

அவருக்குத் தெரியும். அவன் விழுந்த கோடையில் பாலத்தின் அடிவயிற்றுக்குள் தவழ்ந்து போகச் சோம்பல்பட்டு, நீளக் குச்சியின் நுனியில் சாக்கட்டியைக் கட்டி, நிழலில் உட்கார்ந்தபடியே நாற்பத்திரண்டு ஆணிகளுக்கு டிக் போட்டார். ஒன்றைக்கூடத் தட்டவில்லை. குச்சி ஒட்டடைக்குச்சியுடையது. “உங்க மூளைக்குப் பாலத்தையே எழுதி வைக்கலாம்ணே” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். மறுநாள் டிக்கைப் பார்த்து, அந்த ஆணிகள் பிடித்திருந்த இரும்பு வளையத்தில் இடுப்புக்கயிற்றை ஒழுங்காக முடிந்துகொண்டு இறங்கினான். வளையம் பிய்ந்து அவனோடு ஆற்றில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

நாலரைக்கு அவர் நடந்தார். மூடிக்கிடந்த ஆலைகளின் உடைந்த கண்ணாடிகள் வழியே வெயில் துருவின் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருக்க, சேற்றிலிருந்து பழைய சாயமும் தோலும் ஊறிய நாற்றம் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ள, அவர் கைத்தடி பட்ட தெருவிளக்குக் கம்பமும் இரும்புக் கதவும் பாலத்தின் முதல் தூணும் ஒன்று விடாமல் டொப், டொப், டொப் என்றன. கூட்டத்துக்குப் போனவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் வரிசையில் ஒட்டடைக்குச்சியின் மனைவி. மடியில் புத்தகம்.

மைக்கைக் கொடுத்தார்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். “நான்தான்” என்றுகூட ஆரம்பித்தார். முந்நூறு முகங்கள் அவரையே பார்த்தன. அவர் மனைவி பெருமையாகப் பார்த்தாள். வாய் தானாகத் திரும்பிக்கொண்டது.

“நான்தான் அந்தப் பச்சை எருமையைக் குளிப்பாட்டினேன்!”

பாலமே அதிரும்படி சிரித்தார்கள். முதல் வரிசையில் அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள். கோபப்படவில்லை. அவருக்காக அவள் கூச்சப்பட்டதுபோல முகத்தைத் திருப்பி, கைப்பிடிக்கு அப்பால், ஆற்றைப் பார்த்தாள்.

வெட்கம் காதுவரை சுட்டது. அவரும் அந்தப் பக்கமே பார்த்தார்.

தண்ணீர் அசையவில்லை.

சிரிப்பு நிற்கவில்லை. வாய்கள் திறந்தே இருந்தன. சத்தம் மட்டும் தூரம் போயிற்று.

இடுப்பில் ஏதோ ஈரம்.

தொட்டார். கயிறு. பழைய கயிறு. பெயின்ட் திட்டுத்திட்டாக ஒட்டிய கயிறு. சட்டைக்கு மேலே, இரண்டு சுற்று, ஒழுங்கான முடிச்சு.

கயிற்றின் மறுமுனை மைக்கைத் தாண்டிப் போயிற்று. நாற்காலிகளுக்கு நடுவே. யாரும் காலைக்கூட நகர்த்தவில்லை. கைப்பிடிக்கு மேலேறி, அந்தப் பக்கம் கீழே.

விறைத்தது.

கனம். ஓர் ஆளின் கனம்.

அவர் கால்கள் தரையில் வழுக்கின. ஒரு சாண். இன்னொரு சாண். மைக் ஸ்டாண்டைப் பிடித்தார். வழுக்கியது.

கீழே இருப்பவன் அவசரப்படவில்லை. தாங்குமா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு நம்பிக்கையோடு, கை மாற்றிக் கை மாற்றி, ஏறத் தொடங்கினான்.