ஆளுக்கேற்ற கப்பல்

மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு விளையாட்டு கிரிக்குத் தவறான கப்பலைக் கொடுத்தது.

வந்திருக்க வேண்டியது குருவி. ஒற்றை இருக்கை, சின்ன என்ஜின், நாலு பெட்டிச் சரக்கு. வந்தது பருந்து. ஒருவர் ஓட்ட, ஒருவர் சுட, இரண்டு இருக்கை. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

அது இன்னும் வெளிவராத கணினி விளையாட்டு. கிரகத்துக்குக் கிரகம் சரக்கு கொண்டுபோய் விற்க வேண்டும். வழியில் மறிப்பவர்களோடு சண்டையிட வேண்டும். புதிதாக வருபவர்கள் கப்பலைத் தேர்ந்தெடுப்பதிலேயே தடுமாறினார்கள். பீரங்கி அதிகமென்றால் சரக்குக்கு இடமில்லை. இடம் அதிகமென்றால் திரும்புவதற்குள் அடி விழும். ஆள் போதாமல் பெரிய கப்பலை எடுத்தவன் முதல் சண்டையிலேயே போய்விடுவான். அதனால் இந்தப் பதிப்பில் கப்பலை விளையாட்டே தேர்ந்து கொடுத்தது. மைக் வழியாகப் பத்து விநாடி அறையைக் கேட்கும். எத்தனை பேர் "தயார்" என்கிறார்களோ, அதற்கேற்ற கப்பல்.

கிரி தனியாக இருந்தான். ஒரு முறைதான் சொன்னான்.

பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை. தகுதிகாண் காலத்தின் ஆறாவது மாதம் இன்று முடிகிறது. இதுவரை அவன் அனுப்பிய பிழைகளில் நான்கை, மறுபடி வரவில்லை என்று எழுதி மேலதிகாரி டேனியல் மூடிவிட்டார். விதி அதுதான். ஒரு பிழை மூன்று முறை ஒரே மாதிரி வர வேண்டும். வராவிட்டால் அது பிழையே இல்லை. இன்று ஐந்து மணிக்குள் ஒன்றாவது ஏற்கப்படாவிட்டால் அவனுக்கும் இங்கே இடமில்லை. ஈரோட்டுக்குத் திரும்புவது பற்றி மனைவி சுபாஸ்ரீ இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசாததுதான் அவனை அரித்தது.

டேனியலை அழைத்தான். ரயில்வே வேலைக்கு செகந்திராபாத் வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அவர்; தமிழுக்குள் ஊர் இந்தி கலந்து வரும்.

"ஃபேன் ஓடுதா? அதான் அது. நிறுத்திட்டுப் பண்ணு. மூணு வாட்டி ஒரே மாதிரி வரணும், இல்லாட்டி நக்கோ, வேணாம்."

மின்விசிறியை நிறுத்தினான். மாரெட்பள்ளியின் ஏப்ரல் வெயில் மொட்டை மாடி வழியாக உள்ளறைக்குள் இறங்கியது. வியர்வை ஹெட்போனுக்கு அடியில் சேர்ந்தது. அதே படிகள். அதே சொல்.

நாரை. நாலு இருக்கை. மூன்றில் பச்சை.

கிரி மேசையைத் தட்டினான். இரண்டு வந்திருந்தால் எழுதலாம். மூன்று வந்தால் என்ன எழுதுவது? போனில் டேனியல் சிரித்தார். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்றார். எண் மாறிக்கொண்டே இருந்தால் யார் நம்புவார்கள் என்றும் கேட்டார்.

சன்னலைச் சாத்தினான்; தெருவில் தர்பூசணி விற்பவனின் ஒலிபெருக்கியும் ஆட்டோக்களின் இரைச்சலும் கம்பளிக்குள் போனதுபோல மங்கின. சமையலறையில் ஃபிரிட்ஜின் இணைப்பைப் பிடுங்கினான். அது ஒரு முறை உலுக்கிக்கொண்டு அடங்கியது. குழாயை இறுக்கினான். சுவர்க் கடிகாரத்தை எடுத்து பேட்டரியைக் கழற்றினான். ஒவ்வொன்றாக எல்லாம் ஓய்ந்தபின் அடியில் ஏதோ மிச்சமிருந்தது. சத்தம் என்று சொல்ல முடியாதது, நிறைந்த கூடத்தில் பேச்சாளர் வாயைத் திறப்பதற்கு முந்தைய அமைதி போன்றது.

நான்கு.

வாசனையை அப்போதுதான் கவனித்தான். எண்ணெய்த் தலை, காய்ந்த வியர்வை, கசங்கிய துணி. மாலை நேரத்து டவுன் பஸ்ஸின் வாசனை. தன் சட்டையை முகர்ந்தான். அதில் சோப்பு மணந்தது.

இந்த முறை பொத்தானை அழுத்திவிட்டு வாயே திறக்கவில்லை. யாரும் பேசாவிட்டால் கப்பல் வரக்கூடாது. பத்து விநாடி. நெற்றியிலிருந்து ஒரு துளி விசைப்பலகையில் விழுந்தது.

ஆறு இருக்கைக் கப்பல் வந்தது. முதல் இருக்கை, அவனுடையது, இருட்டாக இருந்தது. மற்ற நான்கில் பச்சை. ஒன்று காலி.

பதிவைப் போட்டு ஒலியை முழுக்க ஏற்றினான். இரைச்சல். மறுபடி இரைச்சல். ஏழாவது விநாடியில், மிக மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்பவர்கள் பெயர் கூப்பிட்டதும் சொல்வதுபோல:

தயார். தயார். தயார். தயார்.

எழுந்து வெளியே போயிருக்கலாம். கால்கள் அதற்குத்தான் தயாராயின. ஆனால் எண்கள் அவனைப் பிடித்து உட்கார வைத்தன. இரண்டு, மூன்று, நான்கு. அவனைச் சேர்த்தால் இப்போது ஐந்து. மாறவே இல்லை. பிழை ஒரே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது. ஆறு மாதத்தில் இவ்வளவு ஒழுங்கான பிழை அவனுக்குக் கிடைத்ததில்லை. அறிக்கையில் வேகமாக எழுதினான்: ஒவ்வொரு முயற்சியிலும் ஒருவர் கூடுகிறார்.

எழுதியதைப் படித்தான்.

நாற்காலியைத் திருப்பவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது கட்டில், அலமாரி, சாத்திய கதவு. அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

டேனியல் பதிவைக் கேட்கவில்லை, மீட்டிங்கில் இருந்தார். அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அழைத்தார்.

"ஹவ், இது நல்லா இருக்கு. ஆனா எதுவரைக்கும் கூடுது? பெருசு பன்னெண்டு சீட்டு. அதுவும் ரொம்பினா என்ன ஆகுதுன்னு போடு. உடனே மேல அனுப்பிடறேன்."

"இதுவரைக்கும் வந்தது போதாதாண்ணா?"

"கைக்கு, ஏன் பயப்படறே? இன்னும் ஏழு வாட்டிதானே."

ஆறு. ஏழு. நாற்காலியின் கைப்பிடியை ஏதோ உரசியது, துணி. எட்டு. கழுத்தில் வெப்பம், பிறகு வெப்பம் விலகுதல், பிறகு வெப்பம். மானிட்டரின் ஒளி எட்டும் இடத்தில் மட்டும் பார்வையை வைத்துக்கொண்டான். ஒன்பது. அறை குறுகியது. முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டான். ஏன் என்று யோசிக்கவில்லை. இடமில்லை, அவ்வளவுதான். பத்து.

பதினொன்று.

திரையில் திமிங்கலம். பன்னிரண்டு இருக்கை. விளையாட்டின் மிகப் பெரிய சரக்குக் கப்பல். கடைசி இருக்கை மட்டும் இருட்டு. அதன் கீழே ஒரு வரி: இன்னும் ஒருவர் வந்ததும் புறப்படலாம்.

போதும். பன்னிரண்டு வேண்டாம். வேலை வேண்டாம். விளையாட்டை மூட சுட்டியை நகர்த்தினான்.

கீழே கேட் திறந்தது. நாலே முக்கால். பள்ளி வேலை முடிந்து சுபாஸ்ரீ வரும் நேரம்.

சுட்டி நகரவில்லை.

அவன் அழுத்தாமலே எண்ணிக்கை தொடங்கியது. பத்து. ஒன்பது.

படிகளில் அவள் காலடி. முதல் மாடி. பைக்குள் சாவி தேடும் சத்தம்.

எட்டு. ஏழு.

உள்ளே வராதே என்று கத்த வேண்டும். அதற்கு மூச்சு வேண்டும். அறையில் அவனுக்கு மூச்சு மிச்சமில்லை.

ஆறு.

ஹெட்போனில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பத்து மூச்சுகளும் ஒன்றாக நின்றன. கேட்டுக்கொண்டிருந்தன.

ஐந்து.

வாசல் கதவுக்கு வெளியே சாவிச் சத்தம் நின்றது.

"ஏங்க, வாசல் பூரா செருப்பாக் கெடக்குது, சின்னப் புள்ளையோடதுகூட. யாரெல்லாம் வந்திருக்காங்க?"