குரல் நின்றால்தான் திரை

பதிவில் அந்த மூச்சு நேற்றுவரை இல்லை.

பழைய பாட்டுப் புத்தகங்களின் பூஞ்சை மணமும், முந்தின நாள் கல்யாண விருந்தில் சிந்திய புரியாணி நெய்யின் மணமும் போகாமல் நின்ற கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில், மின்விசிறிகள் கிறீச்சிட்டுச் சுற்றியும் வியர்வை காயாத ஒரு மாலையில், மேடை நடுவே நட்டிருந்த கம்பத்தில் முதுகைச் சாய்த்து, ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டு நின்ற ஜெயகுமார், கடைசிச் சுரத்துக்குச் சற்று முன்னால் அதைக் கேட்டான். ஈரமான, சீழ்க்கை கலந்த ஓர் உறிஞ்சல். தண்ணீர் நின்றுபோன குழாய்க்குள் காற்று ஏறுவதைப் போல. அதற்குப் பிறகே குரல் எழுந்தது. அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

பாட்டை நிறுத்தினார்கள்.

"ஏன் வாயை மூடின?" என்றாள் நேசமலர். தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவள். இந்த நாடகத்தை இயக்குகிறவளும் அவளே.

"மூச்சு கேட்டுச்சு மிஸ். பதிவுக்குள்ள."

"பாடுறவன் மூச்சு எடுக்காம பாடுவானா? நீதான் பாடாம மூச்சு வாங்கிட்டு நிக்கிற."

கடலாக அசைக்கும் நீலத் துணியைப் பிடித்திருந்த கோரஸ் சிரித்தது. ஒலி பார்க்கிற பலீல், கொம்பனித்தெருக்காரன், லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அதே ஃபைல்தான் மச்சான். நான் கை வெக்கல்ல."

நாடகத்தின் பெயர் 'உப்பு முடி'. தோற்றுப்போன அரசனை எதிரி கடற்கரையில் கம்பத்தோடு கட்டுகிறான். நீ பாடிக்கொண்டிருக்கும்வரை உன் நகரத்தை எரிக்கமாட்டேன் என்கிறான். கடல் ஏறுகிறது. அரசன் பாடுகிறான். வேறு கதை கிடையாது. தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டுத்தான். கொழும்பில் விட்டு விட்டு நான்கு முறை மேடையேறியது. நான்கிலும் அரசன் நாகேந்திரம். டெனர் குரல், ஆண்குரல்களில் உச்சம் தொடுவது. ஒவ்வொரு மேடையேற்றத்திலும் கடைசிச் சுரத்தை முந்தியதைவிட நீளமாகப் பிடித்தார் என்று சொல்வார்கள். யுத்த காலத்தில் ஒருமுறை மின்சாரம் போனபோது, இருட்டில் அவர் நிறுத்தாமல் பிடித்தாராம். ஒருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லையாம். நாடகத்துக்கு அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. குரல் நின்றால்தான் திரை விழும். ஒருமுறை அவசரப்பட்டுத் திரையை இழுத்தவனை அவர் வேச உடையைக்கூடக் கழற்றாமல் வந்து அறைந்தார். அந்த மனிதனுக்கு இன்றுவரை ஒரு காது கேட்காது.

பிறகு, பத்து வருடத்துக்கு முன், நாகேந்திரத்துக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஓர் ஓட்டை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐந்தாவது மேடையேற்றத்துக்கு ஜெயகுமார் அரசன். புறக்கோட்டையில் சேலைக்கடையில் நிற்பவன். பல வருடம் கோரஸில் துணி பிடித்தவன். குரல் நன்றாகத்தான் இருந்தது. உச்சியில் மட்டும் உடைந்தது. கடைசிச் சுரம் உச்சியில் இருந்தது. ஆகவே நேசமலர் நான்காவது மேடையேற்றத்தின் ஒலிப்பதிவைத் தேடியெடுத்தாள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் வாயசைத்தால் போதும். வெளியே சொல்வதில்லை என்று எல்லோரிடமும் மாதா மேல் சத்தியம் வாங்கினாள்.

"அவர்கிட்ட கேக்கத் தேவையில்லையா மிஸ்?" என்றான் பலீல்.

"வாயில்லாத மனிசன்கிட்ட என்னத்தக் கேக்கிறது? அவருக்கு இனிக் குரல் எதுக்கு?"

ஜெயகுமாருக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளவத்தையில் நடக்கப்போகும் காட்சி நன்றாகப் போனால் நாடகம் டொரொன்டோவுக்குப் போகும். அரசனாக நிற்கிறவன் போவான். உச்சியில் குரல் உடைகிறவன் திரும்பவும் துணி பிடிப்பான். நாகேந்திரத்திடமிருந்து வேண்டியிருந்தது கயிறு மட்டும்தான். அரசனைக் கட்டும் கயிறு. நான்கு மேடையிலும் இருந்த அதே கயிறு அவர் வீட்டில் இருந்தது. அது இல்லாமல் நாடகம் போடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனான். காலிக்குப் போகும் பெருவீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் கடைசி மாடிவீடு. ரயில் போனபோது கண்ணாடிகள் நடுங்கின. கதவைத் திறந்தவள் நாகேந்திரத்தின் மனைவி ஜெகதீஸ்வரி.

"தம்பி எந்த இடம்?"

"கொட்டாஞ்சேனை."

"அதுக்கு முன்னம்?"

"அப்பா பொகவந்தலாவை. தேயிலைத் தோட்டம்."

"ஆ," என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் எல்லாம் இருந்தது. "ராசா வேசம் நீரோ போடுறீர்?"

நாகேந்திரம் யன்னலோரம் சாய்மனைக் கதிரையில் இருந்தார். டெட்டோல் மணம். அதற்கு அடியில் வேறொன்று, பூக்குவளையில் நாட்பட்ட தண்ணீர் மாதிரி. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. அது உள்ளே ஒட்டியது, வெளியே உப்பியது. உள்ளே ஒட்டும்போது சத்தம் வந்தது.

ஈரமான, சீழ்க்கை கலந்த உறிஞ்சல்.

ஜெயகுமார் அங்கேயே நின்றான். பதிவு செய்த நாளில் இந்தக் கழுத்தில் ஓட்டை இருக்கவில்லை. அன்று இந்த மனிதர் வாயால்தான் மூச்சு எடுத்திருப்பார். அவன் அதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தான். கணக்குச் சரியாகவே வந்தது. சத்தமும் அதே சத்தமாகவே இருந்தது.

கிழவர் கையை நீட்டி அவன் தொண்டையில் ஒரு விரலை வைத்தார். விரல் குளிர்ந்திருந்தது. உதடுகள் அசைந்தன.

"பாடட்டாம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவன் பாடினான். உச்சியில் உடைந்தது. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"சிரிக்கிறார்."

அவனுக்கு முகம் எரிந்தது. உதடுகள் மறுபடி அசைந்தன.

"கடைசிச் சுரம் மேடையில ஆர் பாடுறது எண்டு கேக்கிறார்."

"நான்தான் ஐயா."

விரல் விலகவில்லை.

"உம்மட சொந்தக் குரலிலயோ எண்டு கேக்கிறார்."

"ஓம். என் குரல்தான்."

பொய் சொல்கையில் தொண்டைக்குள் என்ன அசைகிறதோ, அதை அந்த விரல் உணர்ந்திருக்க வேண்டும். மெதுவாக விலகியது. நாகேந்திரம் கதிரைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து கயிற்றை எடுத்தார். தேங்காயெண்ணெய் தடவி வைத்த கயிறு. அவன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தார். சேலையை அளந்து பார்க்கும் வாடிக்கையாளரைப் போல. பிறகு கொடுத்தார்.

"நாடகத்துக்கு வாறாராம். முன்வரிசையில."

"ஏசி குளிரும்மா. இவருக்கு ஒத்துக்குமா?"

"அதை அவரல்லோ சொல்லோணும்."

படிக்கட்டுவரை கூட வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒப்பரேசனுக்குப் பிறகு இவர் ஒரு பாட்டும் கேக்கிறேல்ல தம்பி. பக்கத்து வீட்டில ஆரும் முணுமுணுத்தாலும் யன்னலைச் சாத்தச் சொல்லுவார். இப்ப கொஞ்ச நாளா, நீங்கள் ஒத்திகை வைக்கிற நேரமாக்கும், வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார்."

"எவ்வளவு நேரம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திடுவன்."

அடுத்த ஒத்திகையில் ஜெயகுமார் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். அந்த "ஆ" இன்னும் காதில் இருந்தது. யாரையாவது சிறுமைப்படுத்தாமல் அது போகாது போலிருந்தது. கைக்குட்டையை உறிஞ்சி, ஊதி, வாயை மீன் மாதிரித் திறந்து திறந்து மூடிக் காட்டினான். "சிரிக்கிறார்," என்று ஜெகதீஸ்வரியின் குரலில் சொன்னான். கோரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நேசமலர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஒலிபெருக்கி பதில் சொன்னது.

ஓர் உறிஞ்சல். ஒன்றே ஒன்று.

பலீல் வேண்டுமென்றே போட்டான் என்று நினைத்து எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். பலீல் சிரிக்கவில்லை. அவன் இரண்டு கைகளிலும் சோற்றுப் பார்சல் இருந்தது.

அன்றிலிருந்து சுரம் நீண்டது. அரசனின் முழங்காலிலிருந்து கோரஸ் மெதுவாக ஏற்றும் நீலத் துணி மோவாயைத் தொடும்போது குரல் நிற்க வேண்டும், அப்போது துணி முகத்தை மூடும், திரை விழும். இப்போது துணி மோவாயைத் தொட்ட பிறகும் குரல் இருந்தது. ஒரு நாள் உதடுவரை. அடுத்த நாள் மூக்குவரை. கோரஸ் அவசரப்படுகிறது என்று நேசமலர் ஏசினாள். பலீல் ஜெயகுமாரை மண்டபத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், லேப்டாப்புல சத்தக் கோடு முடியிது. பொறகும் சத்தம் வருது. நான் செல்றத்தக் கேளு. நீயே பாடு. ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகட்டும்."

"ஒடஞ்சா நான் சேலை மடிக்கிறவன். ஒனக்கு என்ன போச்சு?"

"அந்த மனிசன்கிட்டப் போயி உண்மையச் செல்லிட்டு வா."

"மலைநாட்டான் குரல் திருடினான்னு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லட்டுமா? வேலையைப் பாரு பலீல்."

காட்சி நாள். வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருந்தது. மல்லிகையும் பட்டுச்சேலைகளின் பூச்சியுருண்டை மணமும். துணி விளக்கில் கடல்போல மினுங்க வேண்டும் என்று நேசமலர் அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைத்திருந்தாள். முடிச்சுகள் உண்மையான முடிச்சுகள். அதுவும் நாகேந்திரத்தின் சட்டம். கடைசிப் பாட்டுவரை ஜெயகுமார் தன் குரலில் பாடினான். நன்றாகப் பாடினான். அவனுக்கே தெரிந்தது. கைகளைக் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார்கள். கயிறு எண்ணெயில் வழுக்கி, பிறகு இறுகியது.

முன்வரிசையில் நாகேந்திரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வெள்ளைத் துணி. பக்கத்தில் ஜெகதீஸ்வரி.

துணி ஏறத் தொடங்கியது. முழங்கால். இடுப்பு. பதிவு ஓடியது, அவன் வாயசைத்தான். மார்பு.

மூச்சு.

ஒலிபெருக்கிகள் மேலே இருந்தன. மூச்சு கீழிருந்து வந்தது.

சுரம் எழுந்தது. அவன் வாயை அகலத் திறந்தான். மண்டபம் அசையாமல் இருந்தது. துணி மோவாயைத் தொட்டது. இங்கே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். துணி உதட்டில் ஏறியது. பின்னால், கடைசி வரிசைக்கு அப்பால், பலீல் எழுந்து நின்றான். லேப்டாப் மூடியிருந்தது. பிடுங்கிய வயர் அவன் கையில் தொங்கியது. அவன் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

சுரம் நின்றபாடில்லை.

ஜெயகுமார் வாயை மூடப் பார்த்தான். மூடவில்லை. தாடை இறுகிவிட்டிருந்தது. நனைந்த துணி மூக்கில் ஒட்டியது. உள்ளே இழுத்தான். துணிதான் வந்தது. கத்தினான். சத்தம் இல்லை. தொண்டையில் எதுவும் அதிரவில்லை. கைகளை இழுத்தான். தோல் கழன்றது. கம்பம் ஆடியது. கைதட்டல் கூடியது. என்ன நடிப்பு என்று யாரோ சொன்னார்கள்.

கண்ணை மட்டும் திருப்பினான். பக்கத்திரையோரம் நேசமலர். இரண்டு கைகளிலும் திரைக்கயிறு. கண்ணீர் வழிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். அவள் தலையை ஆட்டினாள்.

இன்னும் இல்லை.

மார்பு எரிந்தது. விளக்குகள் கறுத்தன.

அப்போது கழுத்தில் ஒரு குளிர். ஒரு விரல் அளவு. அரசனின் ஆரத்துக்குக் கீழே, தோல் மெல்ல இளகி, விலகியது. வலிக்கவில்லை. காற்று வந்தது.

ஈரமாக. சீழ்க்கையோடு.

அவன் கழுத்திலிருந்து.

இருட்டு விலகியது. மூச்சு வந்தது, போனது. சாக முடியாது என்று தெரிந்தது. நீலத் துணியின் ஊடாக முன்வரிசை தெரிந்தது. ஜெகதீஸ்வரி மடியில் கைகளைக் கோத்து, கண்களை மூடிக்கொண்டிருந்தாள். கழுத்துத் துணி நாகேந்திரத்தின் காலடியில் கிடந்தது. கழுத்து வழுவழுப்பாக இருந்தது. வடுகூட இல்லை.

எல்லோரும் மேடையையே பார்த்துக் கைதட்டினார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

அவர் ஜெயகுமாரைப் பார்த்தபடி, வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். மூச்சு எடுக்கவில்லை. அவசரமும் இல்லை. பத்து வருடம் பேசாத மனிதர்.

நேசமலர் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.