ஒரு விரல் குறைந்த பேஸ் கிட்டார்

1984-ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கன்னையா வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் கன்னையா. அவர் மனைவி இராஜம்மா. மகன் விஜயன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள் தங்கமணி. பக்கத்து வீட்டுத் தம்புசாமி. வேறு யாரும் இல்லை. ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்று பிறகு யார் யாரோ சொன்னார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

ஐந்து பேரும் மேசைமேல் கிடந்த பேஸ் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளைக்கு முன்தான் விஜயன் அதை ஜெஞ்சாரோம் ஊரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கம்பிகளை அடியில் தாங்கும் இரும்புத் தகடு, அதாவது பிரிட்ஜ், அதனுடையதே இல்லை. யாரோ வேறொரு அகலமான கிட்டாரின் பிரிட்ஜைக் கழற்றி இதில் மாட்டியிருந்தார்கள். விரலை வைத்தாலே ஓரத்துக் கம்பி கழுத்தை விட்டு நழுவியது. ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குக் கிள்ளானில் விஜயனின் அத்தை மகள் லெட்சுமியின் கல்யாண விருந்து. விஜயனும் அவன் நண்பர்களும் அங்கே வாசிக்க வேண்டும். “பாட்டுக்கு வெளியாளு எதுக்கு? எங்க வீட்டுப் பிள்ளை வாசிப்பான்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கன்னையா சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கியதில்லை.

சரியான அகலத்தில் புது பிரிட்ஜ் வாங்கியாயிற்று. மாட்டுவதுதான் பாக்கி.

“எங்கிட்ட குடு,” என்றார் கன்னையா. “பழைய தகடு எங்க இருந்துச்சோ, அதே கோட்டுல புதுத் தகடு. இம்மி நகரக் கூடாது. முப்பது வருசமா நம்ம வேலை அப்படித்தான்.”

பழைய பிரிட்ஜைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். அதைக் கழற்றினார். கோட்டை விட்டு விலகாமல் புதியதை வைத்துத் துளை போட்டார். திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார்.

“பாத்துக்க தம்புசாமி! தண்டவாளம் மாதிரி நேரா நிக்குது.”

விஜயன் கம்பிகளைக் கட்டிச் சுருதி சேர்த்தான். ஸ்பீக்கர் பெட்டியில் செருகி வாசித்தான். கம்பி நழுவவில்லை. முதல் சுரம் கும்மென்று ஒலித்தது. ஆனால் அவன் விரல்கள் பிரிட்ஜ் பக்கமாக இறங்க இறங்க, ஒவ்வொரு சுரமும் பிசகியது. வயிறு வலிக்கும் எருமைபோல் பாட்டு முனகியது.

மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்த இராஜம்மாவின் கை அப்படியே நின்றது.

“அலாமா!” என்றார் தம்புசாமி. “என்னா கன்னையா, ஓட்டையைத் தப்பா போட்டுட்டியா?”

கன்னையா சட்டென்று திரும்பினார். “நான் போட்ட ஓட்டையா தப்பு?”

“அப்பா, ஏழு மணிக்கு...” என்று இழுத்தான் விஜயன்.

“தெரியும் லா!”

தங்கமணி கிட்டாரின் அருகில் வந்தாள். அப்பாவின் வேலையை ஒருவர் குறை சொல்லி அவள் கேட்டதே இல்லை. அப்பா கோட்டின்மேல்தான் வைத்தார். அவளே கண்ணால் பார்த்தாள். அப்படியென்றால், கோடே தப்பான இடத்தில் இருந்தால்?

அவள் உள்ளே ஓடி, விஜயனின் பழைய சின்னக் கிட்டாரைத் தூக்கி வந்தாள். அது எப்போதும் சுருதி பிசகாமல் ஒலிக்கும்.

“அம்மா, பூ கட்டுற நூல்ல கொஞ்சம் குடுங்க.”

“இப்பவாடி விளையாட்டு?”

“விளையாட்டு இல்லம்மா!”

இரண்டு கிட்டார்களின் கழுத்திலும் நடுவில் இரட்டை வெள்ளைப் புள்ளி இருந்தது. சின்னக் கிட்டாரின் கழுத்து உச்சியிலிருந்து, அந்தப் புள்ளிகளை ஒட்டி பிரிட்ஜ் பக்கமாகக் கழுத்தில் பதித்திருந்த குறுக்குக் கம்பிவரை நூலைப் பிடித்து அறுத்தாள். அதே நூலை அந்தக் குறுக்குக் கம்பியிலிருந்து பிரிட்ஜ்வரை பிடித்தாள். கச்சிதமாக இருந்தது. மேலே எவ்வளவோ, கீழேயும் அவ்வளவு.

பிறகு பேஸ் கிட்டாரை அளந்தாள். மேலே பிடித்த நூல் கீழே பிரிட்ஜையும் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இங்க பாரு. ஒரு விரல்!”

“ஒரு விரலா?” என்றான் விஜயன். ஒரு விரல் என்பது அங்கே ஒரு மைல்.

கன்னையா கிட்டாரை நோக்கிக் குனிந்தார். தங்கமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, நீங்க கோட்டுலதான் வச்சீங்க. பழசைப் போட்டவருதான் இடம் தெரியாம போட்டிருக்காரு. ரெண்டு விரல் தள்ளிப் போட்டிருந்தா நீங்களும் ரெண்டு விரல் தள்ளித்தானே வச்சிருப்பீங்க?”

தம்புசாமி வாயைத் திறந்தார். இராஜம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கன்னையா நூலை வாங்கித் தானே அளந்தார். மூன்று தடவை அளந்தார். பிறகு திருப்புளியை எடுத்து, தன் கையால் போட்ட வேலையைத் தானே கழற்றினார். அந்த வீட்டில் யாரும் பார்த்திராத காட்சி அது.

“தங்கம், நூலைப் பிடி. நீ சொல்ற இடத்துலதான் துளை.”

“நானாப்பா?”

“அளந்தது நீதானே? கையை ஆட்டாதே.”

பழைய துளைகளில் தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தார்கள். பிரிட்ஜ் ஒரு விரல் பின்னால் போய் உட்கார்ந்தது. விஜயன் மறுபடி வாசித்தான். உச்சி முதல் அடிவரை ஒரு சுரமும் பிசகவில்லை. பாட்டு நின்ற பிறகும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“அடேயப்பா!” என்றார் தம்புசாமி. அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மாலையில் கிள்ளான் மண்டபத்தில் விஜயன் வாசித்தபோது, மாப்பிள்ளையின் சித்தப்பா ‘இவ்வளவு சுத்தமாகப் பையனா வாசிக்கிறான்?’ என்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் கிள்ளான் முழுக்க ஒரே பேச்சு. திரைக்குப் பின்னால் கேசட் ஓடியதாம். பையன்கள் சும்மா கையை ஆட்டினார்களாம்.

அது பொய். கேசட் எதுவும் ஓடவில்லை. விஜயன்தான் வாசித்தான், தங்கமணி அளந்து சொன்ன இடத்தில் பிரிட்ஜ் வைத்த கிட்டாரில்.