மேலேறும் மண்

புதிய படத்தில் மண் மேலே ஏறியிருந்தது.

செயற்கைக்கோள் அனுப்பிய இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அவள் மறுபடியும் பார்த்தாள். போன மழைக்காலத்தில் எதிர்மலையிலிருந்து சரிந்ததெல்லாம் பள்ளத்தாக்கின் அடியில்தான் படிந்து கிடந்தது. அங்கிருந்து நாக்கு நீட்டியதுபோல ஒரு மெல்லிய கோடு, இந்தப் பக்கத்து மேட்டில் ஊழியர் குடியிருப்பை நோக்கி நீண்டிருந்தது.

பக்கத்து மேசைக்காரனுக்கு அந்த நிலச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் ‘மேகம்’ என்றுதான் பெயர். எந்தப் படத்தைக் காட்டினாலும் மேகம் மறைக்கிறது என்று தட்டிக்கழிப்பான். இது மேகத்தையும் ஊடுருவும் ரேடார் படம் என்பதால் அந்தச் சாக்கும் இல்லாமல் போனது.

“நிழலா இருக்கும்க்கா. மண்ணு கீழ எறங்கும், மேல ஏறுமா?”

அவள் ஒருநாள்கூட லீவு எடுக்காததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவன் விழுங்கியது அவளுக்குத் தெரியும். அந்த மண்ணுக்கு அடியில்தான் அவள் கணவன் கிடக்கிறான். எதிர்மலையில் புதைத்திருந்த அதிர்வுமானிக்கு பேட்டரி மாற்றப் போனவன். இதே நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அந்த அதிர்வுமானியின் கோடு கொதித்தெழுந்து அப்படியே அடங்கிப்போனதை அவள் பார்த்தாள். உடல் கிடைக்கவில்லை. தேடியவர்கள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய அன்றும் வேலைக்கு வந்தாள். அவனுக்குப் பக்கத்தில் இருக்க வேறு இடம் அவளுக்குத் தெரியவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் விடாமல் இரைந்த மழையும், ஈரச்சுவரின் புழுக்க வாடையும், கணினிகளின் ஓயாத முனகலும் சேர்ந்து அறையை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளத்தாக்கு அதிர்வுமானியின் கோடு துடித்தது. விழும் கல் திரையில் ஊசியாகக் குத்தும். லாரி தடித்து வீங்கும். மழை பாசிபோலப் படரும். இது எதுவுமில்லை. ஓர் அழுத்தம், பிறகு ஓர் இழுப்பு. ஓர் அழுத்தம், ஓர் இழுப்பு.

முழங்காலில் அடிபட்ட பிறகு அவன் அப்படித்தான் நடந்தான்.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. ஆசை. அதை உணர்ந்தபோதுதான் பயம் வந்தது.

பள்ளத்தாக்குக் கோடு ஓய்ந்தது. அதற்கு மேலுள்ள கோடு தொடங்கியது. அதுவும் ஓய்ந்தது. கடைசியாகக் குடியிருப்புக்குப் பின்னாலிருந்த அதிர்வுமானி. ஓர் அழுத்தம். ஓர் இழுப்பு.

நின்றுவிட்டது.

குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்கு போன் போட்டாள். மகளைப் பார்த்துக்கொள்ளக் கணவனின் தங்கை கூடவே இருந்தாள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள் என்று அவள் கிசுகிசுத்தாள்.

“கதவப் பூட்டிக்கோ. யாரு வந்தாலும் தெறக்காத.”

மறுமுனையில் மழையின் இரைச்சல் திடீரென்று கூடியது. பிறகு, அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரலில்:

“அண்ணன் எவ்ளோ நேரந்தான் மழையில நிப்பாரு, அண்ணி?”

அலுவலகத்துக்குப் பின்னால் குடியிருப்புக்கு ஏறும் படிகளில் அவள் விழுந்தடித்து ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. அறுபட்ட வேரின் வாடை, வெளிச்சமே பார்த்திராத கல்லின் வாடை. கூடத்துத் தரையில் நாத்தனார், துவைத்து மடித்த துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை.

படுக்கையறை.

கட்டிலில் அவன் படுக்கும் பக்கம். ஆள் நீளத்துக்கு ஈரமண். சரளை. வேர்கள்.

அதன்மேல் கைபோட்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நிம்மதியாக. கை முழங்கைவரை உள்ளே புதைந்திருந்தது.

குழந்தை விழித்துவிடாதபடி மெல்ல இழுத்தாள். வரவில்லை. உள்ளே ஏதோ அந்தக் கையைப் பிடித்திருந்தது. இறுக்கமாக அல்ல. ஆசையாக.

மண் மூச்சுவிடுவதுபோல உயர்ந்தது. தாழ்ந்தது.

பிறகு, அவளுக்கும் இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்து படுத்தது.