இடது பக்கம், ஐந்தாவது விலா

போன் அடித்தபோது ஏஜென்ட் அக்கா ஒப்பந்தத்தின் பதினான்காவது பிரிவைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

'ஆட்டக்காரரின் தாயாரால் மாடி ஏற முடியாது. கிளப் தரும் வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.'

பன்னிரண்டு வருடமாக இதுதான் அவள் தொழில். கால்பந்து ஆடுகிறவர்களுக்காகக் கிளப்புகளோடு மல்லுக்கட்டுவது. அவளிடம் இருந்த ஒன்பது ஆட்டக்காரர்களுக்கும் அவள் அக்கா.

அதில் நெட்டைக்கால் ஸ்ட்ரைக்கர் ஒருவன். பெற்றவள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. கொக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்தப் புது ஒப்பந்தம் அவனுக்குத்தான்.

போனில் கோச்.

"அக்கா... கொக்கு பிராக்டீஸ்ல விழுந்துட்டான்."

"முட்டியா, கணுக்காலா?"



"கால்ல ஒண்ணுமில்லக்கா. யாரும் இடிக்கக்கூட இல்ல. தானா விழுந்தான். எழுந்திரிக்கவே இல்ல..."

இருபத்து நான்கு வயது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தார்.

"இது போஸ்ட்மார்ட்டம். இதயச் சுவர் பிறவியிலேயே தடிச்சிருக்கு. ஓடவே கூடாத உடம்பு. இது, மூணு வாரம் முன்னாடி புது கிளப்புக்கு நீங்க அனுப்பின மெடிக்கல் ரிப்போர்ட். குண்டுக்கல்லாட்டம் இருக்காம் இதயம். எப்படி மேடம்?"

"ஸ்கேன் சென்டர்ல குடுத்ததை அப்படியே அனுப்பினேன்."

"சென்டரை ஏற்பாடு பண்ணினது?"

"நான்தான்."

"கூடப் போனீங்களா?"

"இல்ல. அன்னைக்கு எங்க கோல்கீப்பருக்கு ஆபரேஷன். அங்க இருந்தேன்."

"வசதியாப் போச்சு."

"சார், அவன் சாப்பிட்டானான்னு தினம் கேட்டவ நான். தெரிஞ்சே அவனை மைதானத்துல விடுவேனா?"

"ஆட்டுக்கும் நல்லா தீனி போட்டுத்தான் மேடம் வளர்க்கிறாங்க."

சுருக்கென்று தைத்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு எக்ஸ்ரேயை நீட்டினார்.

"இதுவும் அதே நாள், அதே சென்டர்ல எடுத்தது. இடது பக்கம், ஐந்தாவது விலா. எப்பவோ உடைஞ்சு கோணலா ஒட்டியிருக்கு. ஆனா கொக்கோட விலா எப்பவுமே உடைஞ்சதில்லைன்னு போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர் சொல்றார். மெஷின்ல படுத்தது வேற ஆள். யாரை அனுப்பினீங்க?"

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.



அந்தக் கோணல் அவளுக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதி ஆட்டத்தில் ஒருவன் கோல் கம்பத்தில் மோதினான். அவன் தலைமாட்டில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதல் ஆட்டக்காரன். அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை.

கொக்கின் அண்ணன்.

சொன்னால் அவள் தப்பிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையைப் புதைத்த தாய், இன்னொரு பிள்ளையை ஜெயில் வாசலில் போய்ப் பார்க்க வேண்டும்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"வாய் மூடியிருக்கு மேடம். முகம் வாக்குமூலம் குடுத்துடுச்சு. வண்டியில ஏறுங்க. வழி நீங்களே சொல்லுங்க."

அண்ணனின் பஞ்சர் கடை திறந்திருந்தது. வாடிக்கைக்காரர் எவருமில்லை. ஏற்கெனவே காற்று நிறைந்திருந்த ஒரு டயருக்கு அவன் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"வீட்ல இருக்க முடியலக்கா. அம்மா அவன் பூட்ஸைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க."

"ஸ்கேனுக்கு நீயாடா போனே?"

அவன் மோட்டாரை நிறுத்தினான்.

"ஆமாக்கா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு. அடையாள அட்டையை யாரும் உத்துப் பாக்கல. முட்டியில கொஞ்சம் வீக்கம், டெஸ்ட்ல மாட்டிக்குவேன்னான். நம்பினேன். நெஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காலை உடைச்சாவது வீட்ல போட்டிருப்பேனே..."

"அவனுக்குத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். "ரகசியமா ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கான். ஆடாதேன்னு எழுதியே குடுத்திருக்கார்."

அண்ணன் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். 

அக்காவின் குரல் உடைந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன புலியா, சிங்கமா?"

அவன் தலை நிமிரவில்லை.

"வேணாம்க்கா. விடுங்க."

"சொல்லுடா."

"உங்ககிட்ட கேட்டானாம். 'டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டா என்னக்கா பண்றது'ன்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே, 'உங்கண்ணன் பக்கத்துல உக்காந்து நீயும் டயருக்குக் காத்தடி'ன்னீங்களாம். அதைச் சொல்லித்தான் அழுதான். அதனாலதான் நான் படுத்தேன்."

காரில் போகும்போது சொன்னது. அவள்தான் ஓட்டினாள். கண் சாலையில். அடுத்த சிக்னலில் அவள் மறந்துவிட்டாள்.

அவன் மறக்கவில்லை.

இரண்டு கைகளையும் சேர்த்து இன்ஸ்பெக்டர் முன் நீட்டினாள்.

"இவனை விட்டுடுங்க சார். கொன்னது நான்தான்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் தணிந்தது.

"ஆள்மாறாட்டத்துக்கு இவன் கோர்ட்டுக்கு வந்துதான் ஆகணும். உங்க மேல கேஸ் இல்ல."

"நான் சொன்ன வார்த்தைதானே சார்..."

"வெளையாட்டா சொன்ன வார்த்தைக்கு சட்டத்துல செக்ஷன் இல்ல மேடம்."

தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"இருந்திருந்தா முதல் கைதி நான்தான். சாட்சி சொல்ல என் வீடே கிளம்பி வரும்."