கதவுக்கு வெளியே ஒரு குரல்

வாசலில் சிவப்பு விளக்கு எரிந்ததை மிசுஹோ பார்க்கவேயில்லை. கனஸாவா நகரின் ஜூன் மழை, குடையையும் மீறி அவளை நனைத்திருந்தது... நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள்.

"கதவை மூடுங்க... ம், இனி மூடி என்ன, எல்லாம் போச்சு."

இருட்டறைக்குள்ளிருந்து அவன் வந்தான். கையில் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன பிலிம். கோபத்திலும் சத்தம் போடத் தெரியாத கண்கள்...

"சிவப்பு லைட் எரியுதே, பாக்கலையா?"

"கழிப்பறைன்னு நினைச்சேன்... மன்னிச்சிடுங்க." இடுப்புவரை குனிந்தாள்.

"கழிப்பறையா இருந்தாலும் தட்டிட்டுத்தான் திறப்பாங்க."

அவன் பெயர் தெட்சுயா. பிலிம் கழுவும் அந்த இருட்டறையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுபவன். அதற்காகத்தான் அவளும் வந்திருந்தாள். அப்பா இறந்து மூன்று வாரம். அவர் கேமராவுக்குள் கழுவாத ஒரு ரோல் இருந்தது.

"கடையில குடுத்தா கழுவித் தருவாங்களே?"

"மூணு வருஷமா அப்பாவோட பேச்சு இல்ல. சண்டை போட்டுட்டு ஒசாகாவுக்குப் போனவ நான். அதுல என்ன இருந்தாலும் முதல்ல நான்தான் பாக்கணும்... திட்டியிருந்தாலும் சரி."

"படத்துல எப்படிங்க திட்டுவாங்க?"

"எங்கப்பாவால முடியும்."

அவன் சிரிக்கவில்லை. கெட்டுப்போன பிலிமையே அவள் கையில் வைத்தான். "இதை வெச்சுப் பழகுங்க. கண்ணை மூடிட்டு இந்தச் சக்கரத்துல சுத்தணும். இருபது தடவை தப்பாம வந்தா, அப்புறம் அப்பா படம்."

சனிக்கிழமைதோறும் அப்பாவுக்கான வாரச் சடங்கை முடித்துவிட்டு அங்கே வந்தாள். கண்ணை மூடிச் சுற்றினாள். அவன் சட்டையில் எப்போதும் பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாசனை... அது ஏன் ஒசாகா ரயிலிலும் கூடவே வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது பயமாக இருந்தது.

அப்பாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முந்தைய நாள். அப்பாவின் ரோலை எடுத்தாள்.

"பதினாறு தடவைதான் சரியா வந்திருக்கு," என்றான் அவன். "நான் ஏத்தித் தரேனே. இருட்டுல படம் எனக்கும் தெரியாது, நீங்கதான் முதல்ல பாப்பீங்க."

"என்னால முடியாதா?"

"உங்க கை வேர்க்குது, மிசுஹோ சான்."

"அப்பாவும் இதையேதான் சொன்னார். உன்னால முடியாது, உன்னால முடியாதுன்னு... அதனாலதான் ஊரை விட்டே போனேன்."

கதவை அடித்துச் சாத்தினாள்.

உள்ளே கும்மிருட்டு. டப்பியைத் திறந்து பிலிமை எடுத்தாள். இரண்டு சுற்று ஏறியது... அப்புறம் நின்றுவிட்டது. ஈர விரலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. இழுத்தால் கிழியும். கதவைத் திறந்தால் அப்பா மொத்தமாகப் போய்விடுவார். கண்ணீர் தானாக வந்தது.

"தெட்சுயா சான்... இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குரல் அவ்வளவு பக்கத்தில். இவ்வளவு நேரமும் கதவில் சாய்ந்தே நின்றிருக்கிறான்.

"மாட்டிக்கிச்சு. கை வேர்க்குது... நீங்க சொன்ன மாதிரியே."

"சொன்னவன் வாயைக் கழுவணும். அப்படியே கீழ வைங்க. கையைத் துடைச்சுக்குங்க. இருட்டு எங்கயும் போயிடாது... நானும்தான்."

"ஏதாவது பேசிட்டே இருங்க."

"அன்னிக்கு ஒரு பிலிமைக் கெடுத்தீங்களே, அதுல என்ன இருந்துச்சுன்னு கேக்கவே இல்லையே?"

"கேக்க பயம்."

"எங்கக்கா கல்யாணம். நான் எடுத்த ஒரே ரோல். அக்கா இன்னும் என்கூட பேசல."

"ஐயோ... ஏன் சொல்லல?"

பதில் வருவதற்குள் கையை உடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா அடுத்த வாரம் வரமாட்டீங்களோன்னு..."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். விரல்கள் காய்ந்திருந்தன. எங்கே பிடிக்கிறது என்று தடவிப் பார்த்து, மெல்ல வளைத்துவிட்டாள். பிலிம் கடைசிவரை தடையில்லாமல் ஏறியது.

சக்கரத்தை வெளிச்சம் புகாத தொட்டியில் போட்டு மூடிய பிறகுதான் கதவைத் திறந்தாள். மருந்தை ஊற்றினாள், நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினாள், ஒவ்வொன்றாக மாற்றினாள், அலசினாள். அவன் நேரம் மட்டும் சொன்னான். பிலிமை வெளியே எடுக்கும்போது, அவள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். அப்பா வீட்டெதிரே இருக்கும் பேருந்து நிறுத்தம். அடுத்ததிலும் அதேதான். பனியில், மழையில், வெயிலில்... எல்லாவற்றிலும் காலி பெஞ்சு. ஒசாகா ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் வரும் சனிக்கிழமைப் பேருந்து அங்கேதான் நிற்கும். மூன்று வருடம் அவர் அந்தப் பேருந்தைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்.

கடைசிப் படம், கண்ணாடியில் அப்பாவின் முகம். நெகடிவில் நரைமுடியெல்லாம் கறுப்பு... அவளைத் தோளில் தூக்கிய வயதில் இருந்தார்.

"திட்டவே இல்ல," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திரும்புங்க. நீங்களும் பாருங்க."

அவன் வெகுநேரம் பார்த்தான். கைக்குட்டையை நீட்டினான்.

"நாளைக்குச் சடங்குக்கு நீங்களும் வரணும்."

"சொந்தக்காரங்க கேப்பாங்களே... யாருன்னு சொல்லுவீங்க?"

பிலிமைக் கொடியில் மாட்டி, கிளிப்பைச் சரிசெய்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிச்சவர்னு சொல்லுவேன். அப்பாகிட்ட நேரத்துல சொல்லாம விட்டது நிறைய... இதையாவது நேரத்துல சொல்லிடறேன்."

பிலிமிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் சிவப்பு விளக்கை அணைக்க இருவருமே மறந்துபோனார்கள்.