ஆள் உள்ளே

ஒரு தட்டு கேட்க வேண்டிய நேரத்தில் இரண்டு கேட்டது.

எரிபொருளை வடித்துவிட்ட இறக்கைத் தொட்டிக்குள் மல்லாந்து கிடந்து, கசிவை அடைத்துக்கொண்டிருந்த விமான மெக்கானிக் கையை நிறுத்தினான். வெளியே காவல் நிற்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தட்டு தட்டுவார். உயிரோடு இருக்கிறாயா என்று அர்த்தம். இரண்டு தட்டு, உள்ளே இருப்பவனின் பதில். இன்று காவல் நிற்பவர் அவன் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். வீட்டுச் சண்டையில் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தத் தட்டல்தான் மிச்சமிருந்த உறவு. அதையும் மறந்து தொலைத்தாரா?

எரிபொருள் வாடை முகமூடிக்குள்ளும் நுழைந்து நாக்கில் ஒட்டியது. இறக்கைத் தகட்டுக்கு அப்பால் ஒலிபெருக்கி கொழகொழத்தது: தகவல் பரிமாற்ற வார விழா. ஒருவரோடொருவர் பேசினால் விபத்தே நடக்காது என்பதை, யாரையும் பேசவிடாமல், முக்கால் மணி நேரமாக மேலாளர் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிறந்த ஊழியர் என்று யாரையோ மேடைக்கு அழைத்தார். தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமலை அவன் கல்யாணத்தன்றிலிருந்து அறிவான்.

"கண்காட்சிக்கு வேணும்னு சார் கேட்டாரு. அதான் டேங்க் வாசல்ல தொங்குன போர்டையே கழட்டிட்டு வந்துட்டேன்," என்றார் மச்சான் மைக்கில். "'ஆள் உள்ளே'. இது தொங்குற வரைக்கும் எவனும் டேங்க்கை மூட மாட்டான்."

பலத்த கைதட்டல்.

அப்படியானால், தட்டியது யார்?

யாராகவும் இருக்கட்டும். பலகை இல்லாத தொட்டியை, எரிபொருள் நிரப்ப வருகிறவர்கள் மூடிவிடுவார்கள். அவன் புரண்டு, முழங்கைகளால் ஊர்ந்தான். வெளியிலிருந்து உள்ளே காற்று ஊதிக்கொண்டிருந்த குழாயின் இரைச்சல் நின்றது. தூரத்தில் முறம் அகலத்துக்குத் தெரிந்த வாசல் வெளிச்சம் பிறையானது. கோடானது. அணைந்தது.

திருகாணி. ஒன்று. இன்னொன்று.

கத்தினான். முகமூடிக்கு மட்டும் கேட்டது. மூடியை எட்டி, முஷ்டியால் குத்தினான். திருகுவது நின்றது.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதுண்ணே."

"போர்டு தொங்குதா?"

"இல்ல."

"அப்ப ஆளும் இல்ல. முடுக்கு."

மூன்றாவது திருகாணி. நான்காவது.

காலடிகள் போயின. மேடையில் உறுதிமொழி வாசித்தார்கள்.

முதுகுக்குப் பின்னால், வெகு அருகில், இரண்டு தட்டு.

நெற்றி விளக்கைத் திருப்பினான். தொட்டியை அறை அறையாகப் பிரிக்கும் தடுப்பின் துளையில், ஊறி வெளுத்த விரல்கள் மடங்கியிருந்தன. அதற்கு அடுத்த துளையிலும். அதற்கும் அடுத்த துளையிலும்.